ஸ்கோர் 7-க்கு மேல் இருந்தால் பேக்கேஜ் நல்லதாகிவிடுமா?

தூங்காத_சர்வர்

எங்கள் டீமில் போன மாதம் ஒரு விதி போட்டார்கள். எந்த ஓப்பன் சோர்ஸ் பேக்கேஜைச் (பிறர் எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் நிரல் தொகுப்பு) சேர்ப்பதாக இருந்தாலும் ஓப்பன்எஸ்எஸ்எஃப் ஸ்கோர்கார்டில் (புராஜெக்ட்டின் பாதுகாப்புப் பழக்கங்களுக்குத் தானாக மதிப்பெண் போடும் கருவி) 10-க்கு 7 வாங்கியிருக்க வேண்டும், ஸ்கேனர் ஓட்டினால் ஒரு சிவிஇ (பதிவான பாதுகாப்பு ஓட்டை) கூட வரக்கூடாது. இரண்டும் சரியென்றால் கேள்வியே இல்லாமல் அனுமதி, ஒன்று குறைந்தாலும் கேள்வியே இல்லாமல் நிராகரிப்பு.

போன வாரம் இரண்டு கேஸ் வந்தது. முதலாவது, தேதி வடிவங்களைப் பிரித்துப் படிக்கும் ஒரு குட்டி லைப்ரரி. மொத்தமே 200 வரிகளுக்குச் சற்று அதிகம், வேறு எந்த டிபென்டென்சியும் (அது நம்பியிருக்கும் பிற பேக்கேஜ்) கிடையாது, டெஸ்ட்களை ஒழுங்காக எழுதியிருக்கிறார், உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். ஸ்கோர் 4.1. கடைசி கமிட் (கோடில் பதிவான மாற்றம்) விழுந்து இரண்டு வருடம், ஒரே ஆள் எழுதியது, அதனால் தள்ளிவிட்டார்கள். இரண்டாவது, கோப்பு அப்லோட் செய்யும் ஒரு பேக்கேஜ். ஸ்கோர் 7.9, சிவிஇ பூஜ்யம், அன்றைக்கே உள்ளே வந்துவிட்டது. எனக்குத்தான் கை சும்மா இருக்காதே, ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் களஞ்சியமான என்பிஎம்மின் 'என்பிஎம் பேக்' கட்டளை போட்டு டார்பாலை (வெளியிட்ட சுருக்கக் கோப்பை) இறக்கிப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே 400 கேபி அளவில் மினிஃபை செய்த (படிக்க முடியாதபடி சுருக்கிய) ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. ரெப்போ (மூலக்கோடு இருக்கும் இடம்) முழுக்கத் தேடியும் அது எதிலிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அதில் விஷமம் இருக்கிறது என்று சொல்ல வரவில்லை, ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் படிக்க முடிந்ததைத் தள்ளிவிட்டு, படிக்கவே முடியாததைச் சேர்த்திருக்கிறோம் என்பது உறுத்துகிறது. நீங்களெல்லாம் எப்படி முடிவு செய்கிறீர்கள்? "ஸ்டார் எத்தனை என்று பார்" என்பவர்கள் தயவுசெய்து வேண்டாம், ஸ்டாரை இப்போது காசுக்கு விற்கிறார்கள்.

பழைய_பைப்லைன்

ஸ்கோர்கார்டைத் திட்டுவதற்கு முன்னால் அது எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். அது கோடு (நிரல்) நல்லதா என்று சொல்லும் கருவி கிடையாது, அப்படி அதை எழுதியவர்களும் சொல்லவில்லை. மெயின் பிராஞ்சுக்குப் பாதுகாப்பு போட்டிருக்கிறார்களா, கமிட்களை இன்னொருவர் ரிவ்யூ செய்கிறாரா, சிஐ (தானாக பில்ட், டெஸ்ட் ஓட்டும் அமைப்பு) டோக்கனுக்குத் தேவைக்கு மேல் அதிகாரம் கொடுத்திருக்கிறார்களா, ரிலீஸில் கையொப்பம் இருக்கிறதா, இப்படி ரெப்போவின் பழக்கவழக்கங்களைப் பார்க்கிறது. 'மெயின்டெய்ன்ட்' என்ற சோதனை கடைசி 90 நாளின் நடமாட்டத்தை எண்ணுகிறது. 'கான்ட்ரிப்யூட்டர்ஸ்' சோதனை குறைந்தது மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் ஆட்கள் பங்களிக்கிறார்களா என்று பார்க்கிறது. ஒற்றை ஆள் எழுதி முடித்துவிட்ட லைப்ரரி இந்த இரண்டிலும் விழும், கோட் ரிவ்யூ சோதனையிலும் விழும். உங்கள் தேதி லைப்ரரிக்கு நடந்தது அதுதான்.

எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் அதிகம் ஓடும் மென்பொருள்களில் ஒன்று, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் எழுதுகிறார்கள், வெளியார் அனுப்பும் பேட்சைப் பொதுவாக ஏற்பதில்லை, எல்லோரும் கோடு வைக்கும் கிட் என்ற கருவியையே பயன்படுத்தாமல் ஃபாசில் என்ற தங்கள் சொந்தக் கருவியில் வேலை செய்கிறார்கள். ஆனால் அதன் டெஸ்ட் கோடு அசல் கோடைப் போலப் பல நூறு மடங்கு, விமான மென்பொருளுக்குக் கேட்கும் எம்சி/டிசி கவரேஜை (ஒவ்வொரு நிபந்தனையும் முடிவைத் தனியாக மாற்றுவதை டெஸ்ட் காட்டும் அளவு) 100 சதவீதம் எட்டியிருக்கிறார்கள். பங்களிப்பாளர் எண்ணிக்கையை வைத்துத் தரம் பார்த்தால் இதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

அதற்காக ஸ்கோரையே பார்க்காதே என்று சொல்லமாட்டேன். மொத்த எண்ணை விட்டுவிட்டு உள்ளே தனித்தனி சோதனைகளைப் பாருங்கள். சிஐ கோப்பில் 'டேஞ்சரஸ் வொர்க்ஃப்ளோ' என்று பூஜ்யம் வாங்கியிருந்தால் அது உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய விஷயம், வெளியாள் ஒரு புல் ரிக்வெஸ்ட் அனுப்பியே ரகசியங்களை உருவ முடியும் என்று அர்த்தம். லைசென்ஸ் கோப்பு விட்டுப்போனதற்குக் குறைந்த மதிப்பெண்ணும் இதுவும் ஒன்றாகக் கலந்து ஒரே எண்ணாக வெளியே வருவதுதான் தொல்லை.

சந்தேகப்பிராணி

எல்லோரும் மறந்துவிட்டீர்களா, எக்ஸ்இசட் என்ற சுருக்க லைப்ரரியின் கதையை? பழக்கவழக்கம் பார்க்கும் முறையின் அடிமடியிலேயே கை வைத்த சம்பவம் அது.

சோர்ந்துபோன ஒரு மெயின்டெய்னர் (பராமரிப்பவர்), பல வருடமாகச் சம்பளமில்லாமல் தனியாளாக ஓட்டிக்கொண்டிருந்தார். 2021 வாக்கில் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் வந்து பேட்ச் அனுப்பத் தொடங்குகிறார், நல்ல பேட்ச்கள்தான். 2022-இல் வேறு சில முகவரிகளிலிருந்து "ஏன் இவ்வளவு தாமதம், பொறுப்பை வேறு யாரிடமாவது கொடு" என்று மெயிலிங் லிஸ்டில் நெருக்கடி கொடுக்கிறார்கள். கடைசியில் அந்த உதவிக்காரரே ரிலீஸ் போடும் அளவுக்கு வந்துவிடுகிறார். இந்தக் காலம் முழுக்க வெளியிலிருந்து பார்ப்பவருக்கு என்ன தெரிந்திருக்கும்? ஒற்றை ஆள் புராஜெக்ட் இரண்டு ஆள் ஆனது, கமிட்கள் தொடர்ந்து வருகின்றன, ரிலீஸ் நேரத்துக்கு வருகிறது. எண்களைப் பார்த்தால் ஆரோக்கியம் *கூடியிருக்கும்*. வேலியே பயிரை மேயும்போது வேலி நன்றாக இருக்கிறது என்று மதிப்பெண் போட்டிருப்போம்.

2024 பிப்ரவரி, மார்ச்சில் வந்த 5.6.0, 5.6.1 இரண்டிலும் பின்கதவு. அதன் முக்கிய உறுப்பு 'சோதனைக் கோப்பு' என்ற பெயரில் ரெப்போவுக்குள் சுருக்கப்பட்டுக் கிடந்தது. ஆனால் அதை எடுத்துப் பில்டுக்குள் சேர்க்கும் அந்த ஒரு எம்4 (பில்ட் ஸ்கிரிப்ட்) கோப்பு கிட்டில் இல்லை, ரிலீஸ் டார்பாலில் மட்டும் இருந்தது. கிட்டை வரிவரியாகப் படித்தவருக்கும் கதை முழுதாகக் கிடைத்திருக்காது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டெவலப்பர் ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வேறு ஏதோ வேகம் அளந்துகொண்டிருந்தபோது எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் வழி) லாகின் அரை விநாடி அதிகம் எடுப்பதைப் பார்த்துத் தோண்டினார், மார்ச் 29 அன்று வெளியே சொன்னார். லினக்ஸ் வகைகளான டெபியனின் டெஸ்டிங், ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்பு வரை போய்விட்டது, நிலையான பதிப்புகளுக்குள் போவதற்கு முன் பிடிபட்டது. சிவிஇ-2024-3094, மதிப்பு 10.

அதனால் தூங்காத_சர்வர், உங்கள் உறுத்தல் நியாயமானது. டார்பாலும் ரெப்போவும் ஒன்றாக இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

புதுசு_22

சார், இதெல்லாம் லினக்ஸ் டிஸ்ட்ரோ மட்டத்தில் நடப்பது. என்பிஎம்மில் மினிஃபை செய்த கோப்பு சகஜம்தானே? நான் பார்த்த பேக்கேஜில் பாதியில் டிஸ்ட் (பில்ட் செய்த கோப்புகளின்) ஃபோல்டர் இருக்கிறது.

சந்தேகப்பிராணி

சகஜம் என்பதுதான் அதில் ஒளிந்துகொள்ள வசதி. 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் பேக்கேஜ் என்ன ஆனது? எழுதியவர் அதைப் பயன்படுத்துவதையே எப்போதோ நிறுத்திவிட்டார், உதவுகிறேன் என்று ஒருவர் கேட்டார், கொடுத்துவிட்டார். புதியவர் செப்டம்பரில் ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீம் என்ற குட்டி டிபென்டென்சியைச் சேர்த்தார். அதன் கிட்ஹப் மூலக்கோடு சுத்தம், விஷம் இருந்தது என்பிஎம்முக்குப் போன மினிஃபை கோப்பில் மட்டும். அதுவும் என்கிரிப்ட் செய்து வைத்திருந்தார்கள், கோபே என்ற பிட்காயின் வாலட்டின் பேக்கேஜ் விவரணை வரிதான் அதைத் திறக்கும் சாவி. அதாவது வாலட்டின் பில்டுக்குள் ஓடினால் மட்டும் கண் விழிக்கும், மற்ற லட்சக்கணக்கான இடங்களில் சும்மா கிடக்கும். வெளியே தெரிய நவம்பர் ஆகிவிட்டது.

தூங்காத_சர்வர்

சரி, வயிற்றைக் கலக்கியது போதும் :) எங்கள் லாக்ஃபைலில் (எந்தப் பேக்கேஜ், எந்த வெர்ஷன் என்ற பட்டியல்) 1,200 பேக்கேஜ் இருக்கிறது. நேரடியாக நாங்கள் சேர்த்தது 60 இருக்கலாம், மிச்சமெல்லாம் அவை இழுத்துக்கொண்டு வந்தவை. எல்லா டார்பாலையும் பிரித்துப் பார்க்க ஒரு ஆளைத் தனியாக வைத்தாலும் முடியாது. மனிதன் செய்யக்கூடியதாக ஏதாவது சொல்லுங்கள்.

பூட்டுக்காரன்

1,200-ஐயும் மதிப்பிடப் போனால் ஒன்றையும் மதிப்பிடமாட்டீர்கள். முதலில் "இது கெட்டுப்போனால் எதைத் தொடும்" என்று பாருங்கள். டெஸ்ட் ரிப்போர்ட்டுக்குக் கலர் அடிக்கும் பேக்கேஜும் லாகின் டோக்கனைச் சரிபார்க்கும் பேக்கேஜும் ஒரே விதிக்குள் வரக்கூடாது என்று சொல்லத்தான் வந்தேன், எழுதும்போதே நினைவுக்கு வருகிறது, அந்தக் கலர் அடிக்கும் பேக்கேஜும் உங்கள் சிஐ மெஷினில்தான் ஓடுகிறது, அங்கேதான் எல்லா ரகசியமும் இருக்கிறது. ஆக "எங்கே ஓடுகிறது, அங்கே என்ன சாவி கிடைக்கும்" என்பதுதான் சரியான கேள்வி. ஓடும் இடத்தில் சாவியைக் குறைப்பது, 1,200 பேரையும் விசாரிப்பதைவிடச் சுலபம்.

அப்புறம் தினசரி விஷயங்கள். சிஐயில் 'என்பிஎம் இன்ஸ்டால்' போடாதீர்கள், 'என்பிஎம் சிஐ' போடுங்கள், லாக்ஃபைலில் இருப்பது மட்டும் வரும். பைத்தான் என்றால் பிப் என்ற இன்ஸ்டால் கருவியில் ஹாஷ் (கோப்பின் கைரேகை) கட்டாயம் என்ற ஆப்ஷனைப் போடுங்கள். இன்ஸ்டால் ஸ்கிரிப்டை நிறுத்துங்கள், தேவைப்படும் இரண்டு மூன்றுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம் 10 முதல் இயல்பாகவே அப்படித்தான் நடந்துகொள்கிறது.

எல்லாவற்றையும்விட எங்களுக்குக் கைகொடுத்தது காத்திருப்பது. புது வெர்ஷன் வந்து ஏழு நாள் ஆகும்வரை உள்ளே விடுவதில்லை. 2025 செப்டம்பர் 8-ஆம் தேதி சாக், டீபக் உட்பட 18 பேக்கேஜ்களில் கைவைத்தார்கள், வாரத்துக்கு மொத்தம் 200 கோடிக்கு மேல் டவுன்லோட் ஆகும் பேக்கேஜ்கள். மெயின்டெய்னருக்கு என்பிஎம்மிலிருந்து வந்தது போலவே ஒரு மெயில், டூ-ஃபேக்டரைப் புதுப்பிக்கச் சொல்லி, அவ்வளவுதான். கெட்ட வெர்ஷன் இரண்டு மணி நேரம் போல இருந்தது, அப்புறம் எடுத்துவிட்டார்கள். 2021 அக்டோபரில் யுஏ-பார்சர்-ஜேஎஸ் கணக்கைக் கைப்பற்றியபோதும் சில மணி நேரம்தான். ஏழு நாள் காத்திருப்பவனை இந்த இரண்டும் தொட்டிருக்காது. அந்தச் செப்டம்பரிலேயே பிஎன்பிஎம்மும் இதற்கென்று ஒரு செட்டிங் கொண்டுவந்தது, வெளியாகி இத்தனை நிமிடம் ஆகாததை எடுக்காதே என்று.

ஓரக்கண்

எல்லோரும் ஏழு நாள் காத்திருந்தால் எட்டாம் நாள்தானே தெரியவரும்? யாராவது ஒருவர் முதலில் சாப்பிட்டுப் பார்க்க வேண்டுமே.

பூட்டுக்காரன்

இந்தக் கேள்வி எப்போதும் வரும். வெளியான சில நிமிடங்களில் ஒவ்வொரு வெர்ஷனையும் இறக்கி அலசுவதற்கென்றே பாதுகாப்பு நிறுவனங்கள் தானியங்கி வைத்திருக்கின்றன, பல கேஸ்களில் முதல் எச்சரிக்கை அங்கிருந்துதான் வருகிறது. யாரும் இன்ஸ்டால் செய்யாவிட்டாலும் அவர்கள் பார்ப்பார்கள். ஆனால் மேலே சொன்ன ஈவென்ட்-ஸ்ட்ரீம் மாதிரி இரண்டு மாதம் தூங்குவதை இது பிடிக்காது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஓரக்கண்

அவசரப் பேட்ச் வந்தால்? லாக் எழுதும் ஜாவா லைப்ரரி லாக்ஃபோர்ஜே 2 நினைவிருக்கிறதா, 2021 டிசம்பர். 2.15.0 வந்தது, அது போதவில்லை என்று 2.16.0, அப்புறம் 2.17.0, மாதம் முடிவதற்குள் 2.17.1. லாக்கில் ஒரு வரி எழுத வைத்தாலே சர்வரில் விருப்பப்பட்டதை ஓட்டலாம் என்ற நிலையில் ஏழு நாள் காத்திருந்தால் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்.

பூட்டுக்காரன்

அதற்கு விதிவிலக்கு உண்டு. தெரிந்த ஓட்டையை அடைக்கும் ரிலீஸ் என்றால் ஒரு ஆள் டிஃப் (மாறிய வரிகள்) படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அன்றைக்கே விடுவோம். இரண்டு வருடத்தில் அப்படி விட்டது எண்ணி நான்கு.

பழைய_பைப்லைன்

இடையில் ஒன்று. பேக்கேஜ் என்றவுடன் என்பிஎம், பைத்தானின் பைபிஐ மட்டும் நினைக்கிறோம். சிஐ ஆக்‌ஷன்களும் (சிஐயில் நாம் சேர்க்கும் பிறர் எழுதிய ஸ்டெப்கள்) பேக்கேஜ்தான். 2025 மார்ச்சில் டிஜே-ஆக்‌ஷன்ஸின் 'சேஞ்ச்ட்-ஃபைல்ஸ்' ஆக்‌ஷனில் பழைய வெர்ஷன் டேக்குகளையே கெட்ட கமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள், அதைப் பயன்படுத்திய ரெப்போக்கள் 23,000-க்கு மேல், சிஐ ரகசியங்கள் பில்ட் லாக்கில் கொட்டின. டேக் பெயரை நம்பியவர்கள் மாட்டினார்கள், முழு கமிட் ஹாஷைப் போட்டு வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

அலாரம்_சோர்வு

"சிவிஇ பூஜ்யம்" என்ற இரண்டாவது விதியைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். திங்கட்கிழமை காலையில் டேஷ்போர்டைத் திறந்தால் 'ஹை' என்று 63 சிவப்பு. பாதிக்கு மேல் ரெஜெக்ஸ் (எழுத்து வடிவம் தேடும் விதி) மெதுவாகும் வகை, அதுவும் பில்ட் கருவிக்குள்ளே. என் சொந்தக் கான்ஃபிக் கோப்பை நானே விஷமமாக எழுதி என் பில்டையே நான் தொங்கவைக்கலாம் என்பதுதான் தாக்குதல். இதற்காக மேஜர் வெர்ஷன் மாற்றி இரண்டு நாள் உடைந்ததைச் சரிசெய்து, அந்த அவசரத்தில் நிஜமாகவே வெளியே தெரியும் சர்வர் லைப்ரரியில் வந்த ஒன்றை மூன்று வாரம் கவனிக்காமல் விட்டோம். பட்டியலில் 41-ஆவதாக இருந்தது.

சிவிஇ மதிப்பெண்ணுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். இணையத்திலிருந்து கோப்பு இறக்கும் கர்ல் கருவியில் சிவிஇ-2020-19909 என்று ஒன்று. 'ரீட்ரை டிலே' ஆப்ஷனுக்கு மிகப் பெரிய எண் கொடுத்தால் இன்டிஜர் ஓவர்ஃப்ளோ ஆகி, நீண்ட நேரம் காத்திருப்பதற்குப் பதில் சீக்கிரம் மறுபடி முயலும். அவ்வளவுதான் விளைவு, 2019-லேயே சரிசெய்தாயிற்று. 2023-இல் அது அமெரிக்க அரசின் ஓட்டைப் பட்டியலான என்விடியில் 9.8 என்று வந்து நின்றது. கர்ல் எழுதும் டேனியல் ஸ்டென்பெர்க் இது பாதுகாப்புப் பிரச்சினையே இல்லை என்று சண்டை போட்ட பிறகு 3.3 ஆகக் குறைத்தார்கள். 9.8 எங்கே, 3.3 எங்கே. இடைப்பட்ட நாட்களில் எத்தனை டீம் எதையெல்லாம் நிறுத்திவிட்டு இதைத் துரத்தியிருக்கும்.

இப்போது நான் பார்ப்பது: அமெரிக்க சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா வெளியிடும் கேஇவி பட்டியலில் இருக்கிறதா (நிஜத்தில் தாக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தவை மட்டும் அதில் வரும்), இபிஎஸ்எஸ் என்ற கணிப்பு மதிப்பெண் அடுத்த 30 நாளில் தாக்கப்பட எவ்வளவு வாய்ப்பு என்கிறது, அந்த ஓட்டை இருக்கும் ஃபங்ஷனை நம் கோடு கூப்பிடவாவது செய்கிறதா. கோ மொழியில் எழுதுபவர்கள் கொடுத்துவைத்தவர்கள், கோவல்ன்செக் என்ற கருவி, நான் கடைசியாகச் சொன்னதை அதுவே பார்த்துச் சொல்லிவிடும். மற்ற மொழிகளில் பெரும்பாலும் நாமே கிரெப் போட்டுத் தேட வேண்டும்.

சிவிஇயே இல்லாத பேக்கேஜ் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம் கூட. யாருமே பார்த்ததில்லை என்றும் அர்த்தம் வரும் அல்லவா? பத்து சிவிஇ வந்து, ஒவ்வொன்றையும் நான்கு நாளில் அடைத்து, எந்த வெர்ஷனில் நுழைந்தது எதில் போனது என்று தெளிவாக எழுதிவைக்கும் புராஜெக்ட்டை நான் அதிகம் நம்புவேன்.

ஓரக்கண்

பாதுகாப்பையே பேசிக்கொண்டிருக்கிறோம், தரம் என்று ஒன்று இருக்கிறதே. என்னைக் கவிழ்த்தது ஹேக்கர் கிடையாது, நல்ல மனிதர் நல்ல எண்ணத்தில் எழுதிய பேக்கேஜ். பெயர் வேண்டாம், இப்போது சரிசெய்துவிட்டார்கள். இணைப்பு அறுந்தால் மறுபடி முயலும் வேலை. பேட்ஜ் எல்லாம் பச்சை, கவரேஜ் 96 சதவீதம், ரீட்மீ கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஒருநாள் எங்கள் டேட்டாபேஸ் பத்து நொடி தடுமாறியது. இந்தப் பேக்கேஜ் எல்லா சர்வரிலிருந்தும் இடைவெளியே இல்லாமல் ஒரே நேரத்தில் மறுபடி மறுபடி முட்டியதில் பத்து நொடியில் எழுந்திருக்க வேண்டிய டேட்டாபேஸ் நாற்பது நிமிடம் எழவில்லை. ஆவணத்தில் "இடைவெளி படிப்படியாகக் கூடும்" என்று எழுதியிருக்கிறது. கோடைத் திறந்தால் அந்த எண்ணைக் கணக்கிடுகிறது, ஒரு வேரியபிளில் வைக்கிறது, அதைப் பயன்படுத்தவே இல்லை! 96 சதவீதம் என்றால் அந்த வரி டெஸ்டில் *ஓடியது* என்று மட்டும்தான் அர்த்தம். டைமரைப் போலியாக்கி வைத்து எழுதிய டெஸ்ட், உண்மையில் எத்தனை நேரம் காத்திருந்தது என்று யாரும் அளக்கவில்லை.

அதிலிருந்து ஒரு பேக்கேஜைப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குகிறேன். ரீட்மீயைத் தொடுவதே இல்லை. முதலில் மூடப்பட்ட இஷ்யூக்கள், அதில் 'பக்' என்று குறித்தவை. என்ன மாதிரி பக் வருகிறது, எழுதியவர் எப்படிப் பதில் சொல்கிறார், சரிசெய்யும்போது கூடவே ஒரு டெஸ்ட் சேர்க்கிறாரா. "உங்கள் பக்கம்தான் தப்பு" என்று மூடிவிட்டு மூன்று மாதம் கழித்து வேறொருவர் சொன்ன பிறகு ஒத்துக்கொண்டது இரண்டு முறைக்கு மேல் கண்ணில் பட்டால் கிளம்பிவிடுவேன். அப்புறம் எரர் வரும் இடங்களை மட்டும் படிப்பேன், கேட்ச் போட்டு விழுங்குகிறதா என்று. கடைசியாக, நான் பயன்படுத்தப்போகும் ஒரே ஒரு ஃபங்ஷனை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பின்தொடர்ந்து போவேன். பாதி வழியில் தலை சுற்றினால், நடு ராத்திரியில் அது உடையும்போதும் தலை சுற்றும்.

சேஞ்ச்லாகையும் ஒருமுறை புரட்டுங்கள், பேட்ச் வெர்ஷனில் பழைய நடத்தையை மாற்றியிருக்கிறார்களா என்று.

புதுசு_22

நான் பெரும்பாலும் ஏஐ சொல்லும் பேக்கேஜைத்தான் போடுகிறேன் :( அதை எப்படிச் சரிபார்ப்பது?

சந்தேகப்பிராணி

முதலில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பார். ஏஐ இல்லாத பேக்கேஜ் பெயரை இருப்பது போலவே சொல்லும். அந்தப் பெயரில் ஒன்றை யாராவது முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்தால் முடிந்தது கதை, ஸ்லாப்ஸ்குவாட்டிங் என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பெயரில் ஏமாற்றுவது பழைய வித்தைதான். 2019 டிசம்பரில் பைபிஐயில் ஜெல்லிஃபிஷ் என்ற பேக்கேஜின் போலியைப் பிடித்தார்கள். சிறிய 'எல்' எழுத்துக்குப் பதில் பெரிய 'ஐ', திரையில் இரண்டும் ஒரே கோடுதான். எஸ்எஸ்ஹெச், ஜிபிஜி சாவிகளை உருவிக்கொண்டு கிட்டத்தட்ட ஒரு வருடம் அங்கேயே இருந்தது. பெயரைக் கையால் தட்டாதே, ஏஐ சொன்னதையும் ஒட்டாதே. அந்தப் புராஜெக்ட்டின் சொந்த ஆவணத்துக்குப் போய் அங்கிருந்து எடு.

தேவையா என்றும் கேட்டுக்கொள். 2016-இல் ஏராளமான பில்டுகளை நிறுத்திய லெஃப்ட்-பேட் பேக்கேஜ் மொத்தம் 11 வரி.

ஒற்றை_ஆள்_ரெப்போ

இத்தனை நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மதிப்பிடும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் நான். ஒரு சின்னப் பார்சர் லைப்ரரி, ஒன்பது வருடமாகத் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன், வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு.

போன வருடம் ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து மெயில். 80-க்கு மேல் கேள்விகள் உள்ள எக்செல் தாள், பத்து வேலை நாளுக்குள் நிரப்பி அனுப்பவும், எஸ்பாம் (உள்ளே சேர்த்த உறுப்புகளின் பட்டியல்) இணைக்கவும். "உங்கள் பாதுகாப்புக் குழுவின் தலைவர் பெயர்" என்று ஒரு கட்டம். என் வீட்டில் என்னைத் தவிர ஒரு பூனைதான் இருக்கிறது, அதன் பெயரை எழுதலாமா என்று யோசித்தேன். எந்த ஒப்பந்தமும் கிடையாது, ஒரு பைசா கிடையாது, இதுவரை அங்கிருந்து ஒரு பக் ரிப்போர்ட் கூட வந்ததில்லை.

2014-இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வந்தபோது எல்லோரும் இணையப் போக்குவரத்தை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லைத் திட்டினார்கள். அப்போது அதில் முழுநேரமாக வேலை செய்தது ஒரே ஒருவர், நன்கொடையாக வந்தது ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். உலகத்தின் பாதி பூட்டு அதன் மேல்தான். எக்ஸ்இசட்டிலும் அதே சோர்வுக்குள்தான் நுழைந்தார்கள், ஈவென்ட்-ஸ்ட்ரீமிலும் அதே. நீங்கள் 'பஸ் ஃபேக்டர் 1, ஆபத்து' (எத்தனை பேர் போனால் புராஜெக்ட் நிற்கும் என்ற எண்) என்று குறித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போகிறீர்கள். அந்த 1 நான்தான்.

ஐரோப்பிய சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தைக் காட்டி என்னிடம் சான்றிதழ் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வணிகமில்லாமல் எழுதுபவன் மேல் அந்தக் கடமை வராது. பொருளை விற்பவர்தான் தான் சேர்க்கும் உறுப்புகளை விசாரித்துச் சேர்க்க வேண்டும், அதில் ஓட்டை கண்டால் எங்களுக்குச் சொல்ல வேண்டும், பேட்ச் எழுதினால் எங்களோடு பகிர வேண்டும். ஓட்டைகளை அறிவிக்கும் கடமைக்கு 2026 செப்டம்பர் 11, மற்றப் பெரும்பாலான கடமைகளுக்கு 2027 டிசம்பர் 11 என்று தேதி வைத்திருக்கிறார்கள். பந்து உங்கள் பக்கம் இருக்கிறது, என் கையில் எக்செல் தாளைத் திணிக்காதீர்கள்.

பூட்டுக்காரன்

தோழர், கோபம் புரிகிறது. ஆனால் மதிப்பிடுபவன் வேறு என்னதான் செய்வான்? 60 நேரடி டிபென்டென்சிக்கும் பணம் கொடுக்க என் மேலாளர் ஒத்துக்கொள்ளமாட்டார்.

ஒற்றை_ஆள்_ரெப்போ

60-க்கும் கேட்கவில்லை. எது போனால் உங்கள் தொழில் நின்றுவிடுமோ அந்த மூன்று நான்கைப் பிடியுங்கள். பணம் முடியவில்லையென்றால் ஒரு ஆளின் மாதம் ஒரு நாள். என் ரெப்போவில் ரிவ்யூ செய்யும் இரண்டாவது கண் வந்தால் உங்கள் ஸ்கோர்கார்டும் தானாக ஏறும், நானும் தூங்குவேன். ஆனால் முதல் நாளே ரிலீஸ் உரிமை கேட்காதீர்கள், மேலே சொன்ன கதையெல்லாம் நானும் படித்திருக்கிறேன் :)

அலாரம்_சோர்வு

^ பூனைக்கு சிஐஎஸ்ஓ (தலைமைப் பாதுகாப்பு அதிகாரி) பதவி கொடுத்தே ஆக வேண்டும்.

பழைய_பைப்லைன்

தூங்காத_சர்வர், உங்கள் மினிஃபை கோப்புக்குத் திரும்பி வருகிறேன். அந்தப் பேக்கேஜின் என்பிஎம் பக்கத்தில் 'ப்ரோவனன்ஸ்' குறி இருக்கிறதா? இருந்தால் எந்த ரெப்போவின் எந்தக் கமிட்டிலிருந்து எந்த வொர்க்ஃப்ளோ வழியாக அந்த டார்பால் வந்தது என்று தெரியும். 2023 முதல் என்பிஎம்மில் உண்டு, பைபிஐயும் 2024 நவம்பரிலிருந்து இதேபோல ஒன்றைக் கொடுக்கிறது. கமிட் நல்லதா என்று அது சொல்லாது, ஆனால் யாரோ தன் லேப்டாப்பிலிருந்து வேறொன்றைத் தூக்கிப் போட்டார்களா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

தூங்காத_சர்வர்

இல்லை. டெவலப்பர் கணக்கிலிருந்து நேராக ஏற்றியிருக்கிறார்கள். முந்தைய வெர்ஷனின் டார்பாலையும் இறக்கி ஒப்பிட்டேன், அதில் இந்தக் கோப்பே கிடையாது, மைனர் வெர்ஷனில் புதிதாக முளைத்திருக்கிறது. கொஞ்சம் பிரித்துப் படித்ததில் ஏதோ பட வடிவ மாற்ற லைப்ரரியைப் பொதித்து வைத்தது போலத்தான் தெரிகிறது. அப்படியானால் அந்த லைப்ரரியின் எந்த வெர்ஷன்? அதில் சிவிஇ இருந்தால் நம் ஸ்கேனருக்கு எப்படித் தெரியும்? 'பூஜ்யம்' என்று காட்டியது இதனால்தானோ என்னவோ.

ஓரக்கண்

அப்படித்தான் இருக்கும். ஸ்கேனர் மேனிஃபெஸ்டில் (டிபென்டென்சிப் பட்டியல்) இருக்கும் பெயரைத்தான் பொருத்திப் பார்க்கிறது. உள்ளே ஒட்டவைத்தது அதன் கண்ணில் படாது. இஷ்யூ போட்டீர்களா?

தூங்காத_சர்வர்

போட்டேன், மரியாதையாகத்தான், "இந்தக் கோப்பு எதிலிருந்து பில்ட் ஆகிறது, அந்த ஸ்டெப்பை ரெப்போவில் சேர்க்க முடியுமா" என்று. எட்டு நாள் ஆகிவிட்டது.

இதற்கிடையில் எங்கள் விதியைக் கொஞ்சம் அசைத்திருக்கிறேன். 7 என்ற எண்ணை எடுக்க ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் அதற்குக் கீழேயும் சேர்க்கலாம், மேலே இருந்தாலும் டார்பாலை ரெப்போவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று சேர்க்க வைத்தேன். புது வெர்ஷனுக்கு ஐந்து நாள் காத்திருப்பு. தேதி லைப்ரரி உள்ளே வந்துவிட்டது. அப்லோட் பேக்கேஜைப் பழைய வெர்ஷனில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

புதுசு_22

அண்ணே, அந்த இஷ்யூவுக்குப் பதில் வந்ததா?

தூங்காத_சர்வர்

இன்னும் இல்லை. நேற்று எட்டிப் பார்த்தேன், செக்யூரிட்டி பாலிசி என்று ஒரு கோப்பு புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். ஸ்கோர் 7.9-இலிருந்து 8.2 ஆகியிருக்கிறது.